வெர்னா அத்தையின் கழுத்து அச்சு

எங்கள் மொன்டானா பக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்குகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, அச்சில் கொடுத்து அளவுக்கு ஒடுக்கி, மருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவதுதான் வழக்கம். முழு அச்சில் ஒடுக்கிய கூடு அதே ரகத் துப்பாக்கி எதிலும் போகும். கழுத்து அச்சு கூட்டின் வாயை மட்டுமே பிடிக்கும்; உடம்பு, சுட்ட துப்பாக்கியின் அறை வடிவத்திலேயே நிற்கும். வேறு துப்பாக்கிக்குப் பெரும்பாலும் சேராது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா அத்தை கழுத்து அச்சுக்காரி. "முழு அச்சு வாங்குக்கா, எதுக்கு வம்பு?" என்று என் அப்பா ஓரின் அந்தக் கோடை முழுக்க நச்சரித்தார். கடைசியில் அவரே ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அதை அவள் பிரிக்கவே இல்லை.

"என் துப்பாக்கிய நான் ஊருக்கெல்லாமா குடுக்கப்போறேன்? கரடி சீசனுக்கு உனக்குக் குடுத்ததே பெருசு."

துப்பாக்கி தாத்தாவுடையது. அவர் விட்டுப்போனதில் அத்தை கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான்.

நான் பட்டம் வாங்கிய வருடம் அது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதற்குச் சட்டம் போட்டு மாட்டியது அத்தைதான். எல்க் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கையில் நானும் அப்பாவும் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை வெறும் கூடு ஒன்றைக் கழுத்து அச்சில் ஒடுக்கி, துப்பாக்கியில் போட்டுப் பார்த்தாள். கூட்டை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் பாதியில் நின்றது. துடைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். அதுவும் அங்கேயே நின்றது.

"போன வருஷம் இதே துப்பாக்கில சுட்ட கூடுடா. படிச்சவன் நீ சொல்லு."

"அறை குழலோட சேந்ததுதான? குழல மாத்தினாத்தான் இப்படி ஆகும் அத்தை," என்றேன் விளையாட்டாக.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாத்தினேன்," என்றார். "கரடி வேட்டைக்குப் போனப்ப மலைமேல வழுக்கி விழுந்தேன். குழல்ல பனி அடைச்சிருந்தது தெரியல. சுட்டேன். முனை பிளந்துபோச்சு. அதே கம்பெனி பழைய குழல் ஒண்ணு தேடிப் போட்டேன்."

அத்தையின் கை போல்ட்டிலேயே இருந்தது. "கூட யாரு?"

"தனியாத்தான்."

"எப்ப?"

"இவன் பட்டம் வாங்குறதுக்கு முந்தின வாரம்."

பட்டமளிப்பு அன்று முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் இவர்.

"முகம் போயிருக்கும் ஓரின். பொணத்த யாரு கண்டுபிடிக்கிறது? பழைய குழல் எங்க?"

"பழைய இரும்போட போட்டுட்டேன். உன்கிட்ட காட்ட தைரியம் வரல."

அத்தை போன வருஷக் கூடுகள் இருந்த டப்பாவை மேசைமேல் கொட்டினாள்.

"நம்ம அப்பா துப்பாக்கியோட பழைய அளவு இப்ப இதுல மட்டும்தான் இருக்கு. முழு அச்சுல போட்டா அதுவும் போயிரும்."

"வேணாம்க்கா. புதுக் கூடு வாங்கித் தரேன்."

"அப்பாவப் பத்திதான் இத்தன நாளும் யோசிச்சேன். உன்னப் பத்தி யோசிக்கவே இல்ல."

உறையைக் கிழித்து முழு அச்சை எடுத்து அழுத்துப் பொறியில் திருகினாள். ஒரு கூட்டில் எண்ணெய் தடவி வைத்தாள்.

"நீயே அமுக்கு," என்றாள் அப்பாவிடம்.

அவர் கைப்பிடியை இழுத்தார். கூடு முனகிக்கொண்டே உள்ளே போனது. அத்தை அடுத்ததில் எண்ணெய் தடவினாள்.