மொடாவின் மேல் உட்கார்ந்தவள்

மூடியின் ஓரத்தில் காதை வைத்தால் "முணுக் முணுக்" என்று உள்ளே யாரோ பேசுவது போலக் கேட்கும். மூக்கை வைத்தால் பழைய மோரும் வெல்லமும் கலந்தது போல ஒரு புளிப்பு நெற்றிக்கு ஏறும். காங்கேயத்துக்குப் பக்கத்தில், எங்கள் குடிசைக்குப் பின்னால், எருக்குழியின் சூட்டில் கழுத்தளவு புதைத்திருந்த மண் மொடாவின் வாசம் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இன்று இந்த வட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் புளிக்க வைத்த தீவனம் அனுப்புகிறேன் என்றால், அந்த வாசம்தான் என் மூலதனம். பெருமையடிக்கிறாள் என்பீர்கள். ஆமாம், அடிக்கிறேன்.

என் அம்மா மாராத்தாள் தேங்காயெண்ணெய் ஆலையில் களம் கூட்டினாள். விற்காத கருகல் புண்ணாக்கை அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். அதை அப்படியே வைத்தால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதுவும் எங்கள் மாடு இல்லை, ஊர் மணியகாரர் "வாரத்துக்கு" விட்ட சினை மாடு. வளர்ப்பது நாங்கள், முதல் கன்று எங்களுக்கு, மாடு அவருக்கு என்று பேச்சு. மாடு மெலிந்தால் கன்று போடும் முன்பே பிடித்துப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். அந்த வருஷம் மழை இல்லை, காட்டில் புல் இல்லை. அம்மா புண்ணாக்கை இடித்து, அரிசி கழுவிய தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும் முந்தைய மொடாவின் புளித்த மண்டியும் விட்டுப் பிசைந்து, வாயைத் துணியால் கட்டிக் கல்லால் மூடி, காற்றுப் புகாமல் சாணி பூசிவிடுவாள். "பூசணம் புடிச்சிருந்தா யோசிக்காத கண்ணு, கொட்டிப்போடு" என்பாள். நன்றாகப் புளித்ததை மாடு தொட்டியோடு நக்கியது. துருத்திய விலா எலும்புகள் மறையத் தொடங்கின.

அப்போது சாராயத்துக்குத் தடை. காய்ச்சுகிறவர்களும் எருக்குழியில்தான் மொடா புதைத்து ஊறல் போடுவார்கள். வாசம் பிடித்த மணியகாரர் ஒரு போலீஸ்காரரையும் கடப்பாரையோடு ஓர் ஆளையும் கூட்டி வந்துவிட்டார். அப்பா அவிநாசிப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தார். மொடா உடைந்தால் தீவனம் போச்சு, மாடு போச்சு, கன்றும் போச்சு என்பது எனக்குக்கூடப் புரிந்தது. ஓடிப்போய்க் கல்மூடியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கடப்பாரைக்காரன் தயங்கி நின்றான்.

"மாராத்தா, புள்ளைய எறக்கு. உன்ற ஊறல் நாத்தம் என்ற ஊடு வரைக்கும் வருது" என்றார் மணியகாரர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"உங்கூட்டுச் சாணி நாத்தம் எங்கூட்டுக்குத் தெனமும் வருதுங்க. நாங்க போலீசையா கூப்புட்டமுங்க?"

போலீஸ்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். அம்மா என்னை எழுப்பி, மொடாவைத் திறந்து, கை நிறைய அள்ளித் தானே தின்றாள். "சாராயமா இருந்தா எனக்கு ஏறோணுமுல்லீங்க? நில்லுங்க, பாத்துப்போட்டே போங்க" என்றவள், தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக, கால் அகலம்கூட இல்லாத வரப்பின் மேல் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடக்கத் தொடங்கினாள். தெருவே திரண்டு பார்த்தது. உச்சிவெயில் வரை நடந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "ஏம்மா, உக்காந்து பாக்கற எனக்குத்தான் தலை சுத்துது. வாங்க மணியகாரரே, போலாமுங்க" என்று போலீஸ்காரர் எழுந்தார். மணியகாரர் மூக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

மாடு கிடாரிக் கன்று போட்டது. பேசியபடி அது எங்களுடையதாயிற்று. அதன் வழியில் வந்த மாடுகள்தான் என்னை ஆளாக்கின.

இன்று அம்மா இல்லை. அந்த வரப்பு இல்லை, கிணறு இல்லை, மணியகாரர் என்ற பதவியே இல்லை. காடெல்லாம் வீட்டுமனையாகி, வந்து குடியேறியவர்கள் என் தீவனக் கொட்டகை நாறுகிறதாம், ஊருக்கு வெளியே கொண்டுபோ என்கிறார்கள். அன்றைக்குத் தடைபோட்ட சரக்கை இன்று தெருமுக்கில் கடை திறந்து விற்கிறார்கள். அதைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போகிறார்கள், அது நாறவில்லையாம். தீவனம் புளிக்கும் என் பீப்பாய்களில் ஒன்றுகூட நகராது. வேண்டுமானால் அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டும்.