வைத்தியம் பார்க்க மறுத்த பரியாரியார்

தம்பிமுத்துப் பரியாரியார் காலமாகிவிட்டார் என்று வட்டக்கச்சிச் சந்தியில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். விஷக்கடிக்கு அவரிடம் ஓடிய உங்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையது, அவர் வைத்தியம் பார்க்க மறுத்த கதை.

ஏழெட்டு வருடங்களுக்கு முன், நெல் அரிவு வெட்டுக் காலம். என் மனைவி பவளத்துக்கு விடியற்காலையில் நடுக்கத்தோடு காய்ச்சல். மத்தியானம் இரண்டு கால்களிலும் ஊதாத் திட்டுகள் கிளம்பின. பார்த்துக்கொண்டிருக்கவே கறுத்துப் பரவின. பல் முரசிலும் இரத்தம் கசிந்தது. முதல்நாள் முழுவதும் வயலில் நின்றவள். புடையன் பாம்புதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கிடத்திப் பரியாரியார் வீட்டுக்குக் கொண்டு போனோம்.

அவர் மூலிகையைத் தொடவில்லை. கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காய்ச்சல் முந்தியோ, கறுப்பு முந்தியோ?”

“காய்ச்சல்தான், ஐயா.”

“கடிவாயும் இல்லை. இது பாம்பில்லை. எனக்குத் தெரியாத நோய் வருத்தம். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.”

கூட்டம் முணுமுணுத்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். “ஏலாதெண்டால் என்னத்துக்குப் பரியாரியெண்டு இருக்கிறீர்?” என்று கத்தினேன்.

“என்னைப் பிறகு ஏசும். இப்ப மெசினை எடும்” என்றபடி அவரே பெட்டியில் ஏறினார்.

கிளிநொச்சி வரை அவளுடைய மணிக்கட்டை விடவில்லை. மெசினை ஓட்டிய நான் ஒவ்வொரு மதகடியிலும் திரும்பிப் பார்த்தேன். “நாடி இருக்கு” என்றார். கடைசி மதகில், “திரும்பாதையும், ஓட்டும்” என்றார்.

டொக்டர் உடனே ஊசி ஏற்றினார். கிருமி நஞ்சு இரத்தத்தில் கலந்து, தோலின் சிறு குழாய்களில் இரத்தம் கட்டிப்போகிறது, கட்டவேண்டிய இடத்தில் கட்டாமல் கசிகிறது, அரிதான வருத்தம் என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் மினக்கெட்டிருந்தால் ஆள் இல்லை.”

மூன்று மாதம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். சிரித்தார். “அத்தனை பேருக்கு முன்னாலை தெரியாதெண்டு சொல்லுறது லேசில்லை, தம்பி. எனக்கும் பயமாத்தான் இருந்தது.” அதன்பின் சிலர் அவரைக் கையாலாகாத பரியாரி என்று நக்கலடித்தார்கள். அந்தப் பேச்சைத் தொடக்கி வைத்தவன் நான்தான். அது இன்றும் உறுத்துகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று கேட்டால், பவளம்தான். அந்தக் கறுப்போடு அவளுடைய கால்விரல்களில் ஐந்து போய்விட்டன. செத்தவீட்டுக்குச் சைக்கிளில் ஏறச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

“அவருக்கு நான் நடந்துதான் போவன்.”