மச்சாளின் கிரைண்டர் இருபது கிலோ

இவர் கரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு, வாங்கிய கதையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். நோர்பரியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் போய், கட்டில் எத்தனை, அடுப்பு எரியுமா, கதவு பூட்டுமா என்று மூன்றே மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்கி வந்துவிட்டார். எது இழுக்கப்போகிறது, அதற்கு எவ்வளவு இழுக்க முடியும் என்ற நாலாவது கேள்வி இவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. அப்போது நாங்கள் லண்டனில், மோர்டன் பக்கம் இருந்தோம்.

இழுப்பதற்கு அண்ணையின் பிக்கப் இருந்தது. அண்ணை என்றால் இவருடைய அக்காவின் புருஷன். ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை. அரிசி மூட்டையும் வெங்காயமும் ஏற்றி ஏற்றி அந்தப் பிக்கப்புக்கு ஒரு நிரந்தரக் கூன் விழுந்திருந்தது. அண்ணைக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால், வேல்ஸ் கடற்கரை வரைக்கும் இவரே ஓட்டுவதாக ஏற்பாடு. அண்ணை, அவருடைய மனைவியான மச்சாள், இவர், நான், நாலு பேர்.

இங்கேதான் சிக்கல். இவர் பார்சல் வான் ஓட்டித்தான் சம்பளம் எடுக்கிறார். வேகக் கமராக்களின் தயவில் லைசென்சில் ஒன்பது புள்ளி சேர்ந்திருந்தது. இன்னும் மூன்று விழுந்தால் லைசென்சும் போய் வேலையும் போய்விடும். ஆபத்தான பாரத்தோடு பொலிஸ் மறித்தால் அந்த மூன்றும் விழும். "அக்காவுக்குத் தெரியக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆக, காரணம் சொல்லாமல் கணக்குப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பிக்கப்பின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து வாசித்தேன். ஆயிரத்து நானூறு கிலோ இழுக்கலாம். கரவன் சாமான் நிறைந்தாலும் ஆயிரத்து முந்நூறுதான். இவர் துள்ளிக் குதித்தார். "பாத்தீரோ, நூறு கிலோ மிச்சம்."

"கீழ உள்ள வரியையும் வாசியுங்கோ" என்றேன். பிக்கப், கரவன், உள்ளே இருக்கிற ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முந்நூறைத் தாண்டக் கூடாது என்று அடுத்த வரியில் இருந்தது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். எங்களுடையது அதைத் தாண்டப் பார்த்தது.

அண்ணையிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. கொழும்புக்குப் பறக்கும்போது பெட்டியில் கூடினதை எடுத்துக் கைப்பையில் வைத்து, மேலே இரண்டு கோட்டும் போட்டுக்கொண்டு கவுண்டரில் சிரித்தபடி நிற்கிற பரம்பரை நாங்கள். "கரவனிலை கூடினதை எடுத்துப் பிக்கப்பிலை வையும். அது ஹாண்ட் லக்கேஜ் மாதிரி. கணக்கிலை வராது" என்றார். கடை நடத்துகிற மனிதர், தராசு பிடித்த கை. எனக்குச் சுவரில் முட்டவேண்டும் போலிருந்தது.

பிளேனுக்குப் பெட்டி தூக்கி நிறுக்கிற சின்னத் தராசை எடுத்து ஒவ்வொரு பொதியையும் தூக்கினேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஆண்கள் இருவரையும் குளியலறைத் தராசில் ஏற்றினேன். மச்சாள் ஏறமாட்டன் என்றுவிட்டார்.

"பொம்பிளையளிட்டை நிறை கேக்கிறது என்ன பழக்கம்?"

"பிக்கப் கேக்குது மச்சாள், நான் கேக்கேல்லை."

"அப்ப பிக்கப்பையே வந்து கேக்கச் சொல்லும்."

பார்வையாலேயே நிறுத்து எண்பத்தாறு என்று எழுதினேன். கொஞ்சம் வஞ்சத்தோடுதான். என் பெயருக்கு நேரே நானே எழுதிக்கொண்டேன். எல்லாம் கூட்டினால் சரியாக இருபது கிலோ கூடியது. மச்சாளின் தோசைமாக் கிரைண்டர் சரியாக இருபது கிலோ. தராசு காட்டியது, நான் என்ன செய்ய. கடற்கரையில் தோசை சுடாவிட்டால் கடல் வற்றிவிடுமா என்று கேட்டு அதை இறக்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். மச்சாள் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

"இருபது கிலோதானே" என்று இவர் முனகினார்.

"ஒரு கிலோவும் மிஞ்சக் கூடாது" என்றேன் நான். அந்த வசனத்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

புறப்பட்ட அன்று காலை, என் பிடிவாதத்தால், குரோய்டன் பக்கம் கல்லும் மணலும் விற்கிற ஒரு யார்டுக்குப் போனோம். லொறியோடு சேர்த்து நிறுக்கிற தராசு அங்கே உண்டு. நாலு பேரும் உள்ளே இருக்க, பிக்கப்பும் கரவனும் மேடையில் ஏறி நின்றன. யார்ட்காரர் நிறை அச்சடித்த துண்டை நீட்டினார். மூவாயிரத்து முந்நூற்று இருபது.

என் தாளில் சரியாக மூவாயிரத்து முந்நூறு.

மூன்று தலையும் ஒரே நேரத்தில் மச்சாள் பக்கம் திரும்பின. அதில் ஒன்று என்னுடையது. கொஞ்சம் சந்தோசமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். மச்சாள் என் மடியிலிருந்த தாளை இழுத்து, கண்ணாடி போட்டு, ஆறுதலாக வாசித்தார்.

"எண்பத்தாறு. சரி. போன கிழமை டொக்டரிட்டை நிறுத்ததும் அதுதான்." விரல் ஒரு வரி கீழே இறங்கியது. "இதென்ன, உமக்கு அம்பத்துநாலோ?"

ஐம்பத்துநாலு என்பது என் கலியாணத்தன்று இருந்த நிறை. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமும் மூன்று பிள்ளையும் லண்டன் பட்டரும் வந்து போயிருந்தன. ஆஸ்பத்திரிப் படிவத்திலிருந்து எல்லா இடத்திலும் அதைத்தான் எழுதுவேன். கை தன்பாட்டில் எழுதிவிடும்.

"எழுபத்துநாலு" என்றேன்.

"என்ரை கிரைண்டர் இருபது கிலோ எண்டு இறக்கி வைச்சனீர். இப்ப ஆர் இறங்கிறது?"

இவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கத் தோளைக் குலுக்கினார். யார்ட்காரர், இருபது கிலோவுக்கு ஒருத்தரும் மறிக்கமாட்டார்கள், போங்கள் என்றார். எனக்கு அந்த ஒன்பது புள்ளிதான் கண்ணுக்குள் நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இவருடைய லைசென்சைக் காப்பாற்றப் புறப்பட்ட நானே கலியாண நிறையை எழுதி அதில் கை வைத்திருந்தேன். கதவைத் திறந்து இறங்கினேன். "நான் கோச்சியிலை வாறன்."

பின்னாலேயே மச்சாளும் சாப்பாட்டுப் பையோடு இறங்கினார்.

"நீங்கள் ஏன் மச்சாள்? நான் இறங்கினாலே காணும்."

"தனியப் போகேலாது. நடவும்."

வேல்ஸ் போகிற ரயிலில், லண்டனைத் தாண்டினதும், மச்சாள் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு ஒன்பது புள்ளி எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நீர் தாளும் தராசுமா நிண்டனீர் எண்டும் தெரியும். இல்லாட்டி என்ரை கிரைண்டரிலை தொட விட்டிருப்பனோ?"

"உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"என்னட்டையும் வாங்கினவன். முதல் மூண்டு விழுந்த அண்டைக்கே வந்திருந்து அழுதவன். உமக்கு எப்ப சொன்னவன்?"

"ஆறு விழுந்த பிறகு."

"மனிசியின்ரை கணக்கிலை முதல் மூண்டையெண்டாலும் குறைப்பம் எண்டு நினைச்சிருப்பான்."

எனக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். ஆறு புள்ளி வரைக்கும் ஒளித்த மனிதனை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஐம்பத்துநாலு என்று எழுதின கையால் எதைத் தூக்கி எறிவது? மச்சாள் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அதற்குள்ளே தோசை, சம்பல். கிரைண்டரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முந்தியே மாவை அரைத்து வைத்து, புறப்பட முதல் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"சாப்பிடும்" என்றார். "இதை நீர் நிறுக்கேல்லை."