வாடகைக்குப் பஞ்சப்படி

போன ஞாயிற்றுக்கிழமை என் வாடகையை நானே குறைத்துக்கொண்டேன். சண்டை போட்டு அல்ல, அழுது அல்ல... கணக்குப் போட்டு!

பத்தாவது கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் நான் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனாலும் நடந்தது அதுதான்.

கணபதி ஏரியாவில் மோட்டாருக்கு காயில் கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, மொட்டை மாடியில் ஒற்றை ரூம். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் ஸ்டெல்லா அக்கா, அவர் வீட்டுக்காரர், மகன், மருமகள், போதாக்குறைக்கு எந்நேரமும் அழுகிற ஒரு பேரன். மேலே நான் மட்டும். தண்ணீர் டேங்கையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேர்.

அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல், கீழே இருந்து என்னைக் கூப்பிட்டார். வாடகை விஷயம் என்று குரலிலேயே தெரிந்தது.

மற்ற ஹவுஸ் ஓனர்கள் என்ன செய்வார்கள்? வருஷம் பிறந்தால் ஐந்நூறு ஏற்றுவார்கள். பிடிக்காவிட்டால் காலி பண்ணு என்பார்கள். நாம் கெஞ்சினால் முந்நூறுக்கு வருவார்கள். அதில் ஒரு மனிதத்தன்மை இருக்கிறது. ஸ்டெல்லா அக்காவிடம் அது நடக்காது. ரிட்டயர் ஆகும் வரை அவர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சம்பள செக்ஷனில் இருந்தவர். அங்கே விலைவாசி எண் ஏறினால் தொழிலாளிகளுக்குப் பஞ்சப்படி ஏறும்... பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று. ஆயுசு முழுக்க அந்த பில்லைப் போட்டவருக்கு, வாடகை மட்டும் வேறு எப்படி ஏறும்?

அதனால் அக்ரிமென்ட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் எப்படி மாறுகிறதோ, அப்படியே வாடகையும் மாறும். நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தேனா? ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. போட்டேன்.

மகன் கல்யாணம், பேரன் பிறப்பு என்று மூன்று வருஷமாக அக்கா அதை மறந்திருந்தார். இப்போது ஞாபகம் வந்துவிட்டது. இன்றைய எண்ணை, நான் குடிவந்த வருஷத்து எண்ணால் வகுக்க வேண்டுமாம். அதைப் பழைய வாடகையால் பெருக்க வேண்டுமாம். வகுத்தார், பெருக்கினார். மூன்று வருஷத்து ஏற்றமும் ஒரே நாளில் என் தலையில் இறங்கியது.

என் சம்பளமோ மூன்று வருஷமாக உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. பட்டறை முதலாளிக்குத் தெரிந்த ஒரே குறியீட்டு எண் “பார்க்கலாம் தம்பி.”

அக்கா சொன்ன வாடகையை என்னால் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால், கட்டிலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கும் பேச்சிலர் ரூமுக்குத்தான் போக வேண்டும். நல்லதுதானே, நாலு பேர் இருப்பார்களே என்று நினைப்பீர்கள். நான் இருந்து பார்த்தவன். நாலு பேருக்கும் நாலு ஹெட்செட். பேச்சுத் துணைக்கு அங்கே மூட்டைப்பூச்சிதான்.

இந்த ரூம் அப்படியில்லை. காலையில் கீழே குக்கர் விசில் அடிக்கும். குழந்தை அழும். அக்கா யாரையாவது திட்டுவார். அதைக் கேட்டுத்தான் நான் எழுவேன். வாடகை கொடுப்பது என்னவோ ரூமுக்கு... வாங்கிக்கொள்வது அந்தச் சத்தத்தை. அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அதற்கும் ஒரு பாயின்ட் போடுவார்.

கெஞ்சினால் வேலைக்கு ஆகாது. எனவே கணக்கிலேயே கையை வைத்தேன். இந்த எண் எப்படி வருகிறது என்று அப்பாவியாகக் கேட்டேன். அக்கா உற்சாகமாகிவிட்டார். ஒரு கூடை என்று வைத்துக்கொள் என்றார். சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்குகிற அரிசி, பருப்பு, பால், துணி, பஸ் டிக்கெட், ஸ்கூல் ஃபீஸ், மருந்து எல்லாம் அந்தக் கூடையில் இருக்கும். அது முன்பு நூறு ரூபாய், இப்போது நூற்றைந்து ரூபாய் என்றால், எண்ணும் நூற்றிலிருந்து நூற்றைந்து ஆகிவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

“ஏனுங்க்கா, அது குடும்பத்தோட கூடைங்க. நான் ஒத்தை ஆளு. என்ற கூடையில இல்லாததுக்கெல்லாம் நான் எதுக்குங்க ஏத்தித் தரோணும்?”

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நியாயமான கேள்வி வந்தால் சம்பள செக்ஷன் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது. உனக்கு இல்லாததைச் சொல், எடுத்துவிடுகிறேன் என்றார்.

எனக்குக் குஷி. ஆரம்பித்தேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய்? அதையெல்லாம் வாங்குவது மெஸ்காரர், நான் இல்லை. மெஸ் பில் மட்டும் இருக்கட்டும். பால்? பேக்கரியில் டீயாகத்தான் பார்த்திருக்கிறேன். கேஸ்? அடுப்பே இல்லை. ஸ்கூல் ஃபீஸ்? என் படிப்பே முடியவில்லை, இதில் யாருக்குக் கட்டுவது? சேலை, சுடிதார்? கட்டுவதற்கு ஆள் இல்லை. பொம்மை, பலகாரம், விருந்தாளி வந்தால் வாங்குகிற மிக்சர்... எடுங்கள், எடுங்கள், எடுங்கள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். மருமகள் உள்ளே இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஆள் பார்க்கிறது என்றால் நமக்கு வேகம் கூடத்தானே செய்யும்?

பஸ் டிக்கெட்டுக்கு வந்தபோது அக்கா நிறுத்தினார். என் அம்மா கிணத்துக்கடவில் தங்கச்சி வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். மாசம் ஒரு தடவையாவது போவாய் அல்லவா என்று கேட்டார். தீபாவளிக்குப் போனதோடு சரி என்றேன். அங்கே மச்சானுக்கே படுக்க இடம் இல்லை, நான் போனால் அவர் வாசலுக்கு வந்துவிடுவார் என்றேன். மருமகள் அதற்கும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“சரி, ஆஸ்பத்திரி? காய்ச்சல் கீச்சல் வந்தா யாருகிட்டக் கண்ணு சொல்லுவ?”

“தண்ணி டேங்குகிட்டங்க்கா.”

இதற்கு நல்ல சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். உள்ளேயும் சத்தம் இல்லை. பேரன்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

மீதி என்ன இருந்தது? மெஸ், டீ, ரீசார்ஜ். அப்புறம் வாடகை. அரசாங்கக் கூடையில் வாடகையும் உண்டாம். “அப்ப நீங்க ஏத்துனா அது ஏறும், அது ஏறுனா நீங்க ஏத்துவீங்க, நல்ல ஏற்பாடுங்க்கா” என்று ஒரு கடைசி அடி அடித்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இதுக்கு எதைச் சாமி நான் ஏத்தறது? பழைய வாடகையில நூறு ரூவா கொறைச்சே குடு.”

ஜெயித்துவிட்டேன். படியில் இரண்டிரண்டாக ஏறினேன். ரூம் கதவைத் திறந்த பிறகு, இந்த வெற்றியை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். கஸ்டமர் கேரிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூடையில் இருந்தது மொத்தமும் கீழ் வீடு. பால், ஃபீஸ், சேலை, பொம்மை, காய்ச்சலுக்கு மருந்து... விலைவாசி ஏறுகிறது என்று அவர்கள் புலம்புவதற்கு அத்தனை இருக்கிறது. எனக்கு விலைவாசியே இல்லை! நாட்டில் பணவீக்கத்தை ஒழித்த ஒரே ஆள் நான்தான். என்ன, கொஞ்சம் காலியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். கோழிக் குழம்பு. மூன்று வருஷத்தில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்திருக்கிறது, ஈஸ்டருக்குப் பிரியாணி வந்திருக்கிறது. எந்தப் பண்டிகையும் இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு எதுவும் வந்ததில்லை. அன்றிலிருந்து நான் படியிறங்கினால் மருமகள் பேச்சை நிறுத்துகிறாள். காலையில் அக்கா திட்டுகிற சத்தமும் குறைந்துவிட்டது... மேலே பாவம் ஒருத்தன் தூங்குகிறான் என்று. நான் எதைக் காப்பாற்றச் சண்டை போட்டேனோ, அதையே ஜெயித்துத் தொலைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

“அக்கா, அந்தக் கூடையில எடுத்ததையெல்லாம் திருப்பி வெச்சுருங்க. முழு எண்ணுக்கே போட்டுருங்க.”

“உனக்குக் கட்டுப்படியாகுமா?”

“ஞாயித்துக்கிழமையும் பட்டறைக்கு வாரேன்னு சொல்லிப்போட்டேனுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கென்னங்க வேலை?”

அக்கா ஏனென்று கேட்கவில்லை. கால்குலேட்டரை எடுத்தார். மறுபடி வகுத்தார், பெருக்கினார். ஒரு ரூபாய்கூட விடவில்லை. அந்த மரியாதைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். போகிற போக்கில், மாடிப்படியில் செருப்பை இப்படியா போடுவது என்று என்னையும் திட்டினார். காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி!

கூடையில் வைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் இருந்தால் கள்ளக்கணக்கு ஆகிவிடும் அல்லவா? அடுப்பும் ஒரு சின்ன குக்கரும் வாங்கிவிட்டேன். மூன்று விசில் போதும் என்றார் கடைக்காரர்.

நான் ஐந்து விடுகிறேன். கீழே கேட்க வேண்டாமா? சாதம்தான் கொஞ்சம் குழைந்துபோகிறது.