நாலாம் நிலையில் ஒரு திருத்தம்

மதுரையில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டி ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. பதினாறு வருடமாக அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுவது என் வேலை. நவநாள் செபம், கல்யாணப் பத்திரிகை, புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கான படம், பங்கின் மாத இதழ் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். சிலர் செபமாலை உருட்டுவார்கள், நான் ஒற்றுப்பிழை பார்ப்பேன். எனக்கு அதுவும் செபம்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

போன தவக்காலத்துக்கு முன்னால் பங்கு ஃபாதர் அச்சகத்துக்கு வந்தார். "வருசா வருசம் அதே சிலுவைப்பாதையத்தான் வாசிக்கிறோம். பாதிப் பேரு தூங்குறாங்க. இந்தத் தடவை நீங்க எழுதுங்கம்மா" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியைப் பதினாலு படங்களாகக் கோயில் சுவரில் மாட்டியிருப்போம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று ஒரு தியானம் வாசித்து, முழங்கால் போட்டுச் செபித்து, அடுத்த நிலைக்கு நகர்வோம். அடுத்தவர் எழுத்துக்குக் காலும் கொம்பும் போட்டுக்கொண்டிருந்த நான் அந்தப் பதினாலையும் எழுத வேண்டும். பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

மூன்று நிலைகள் மளமளவென்று வந்துவிட்டன. நாலாம் நிலையில் சிக்கிக்கொண்டேன். சிலுவையோடு வரும் மகனைத் தாய் வழியில் பார்க்கிற இடம் அது. எதை எழுதினாலும் பழைய புத்தகத்து வாடை அடித்தது. அப்போதுதான் கோயில் கேட்டில் பூ விற்கிற அக்காவின் ஞாபகம் வந்தது.

அவருடைய ஒரே மகனை முந்தின வருடம் அலங்காநல்லூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. வேலைக்குப் பைக்கில் போன பிள்ளை. ஐஸ் பெட்டி மேல் விழுந்து அவர் அழுதது ஒரே வார்த்தைதான். "என்னப் பெத்த அய்யா, எந்திரிய்யா. என்னப் பெத்த அய்யா." எங்கள் பக்கத்தில் தாய்மார் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றவளே தன் பிள்ளையைப் பார்த்து, நீதான் என்னைப் பெற்றாய் என்பாள். ஆசை மிஞ்சினாலும் அதுதான், துக்கம் மிஞ்சினாலும் அதுதான்.

அதன்பிறகு அந்த அக்கா கேட்டில் உட்கார்ந்து பூக் கட்டினாரே தவிர, கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "மாதாவுக்கு மூணாம் நாளே புள்ள திரும்பி வந்துருச்சு. எனக்கு வரல. அவுகளுக்கும் எனக்கும் இப்பப் பேச்சு வார்த்தை இல்ல தாயி" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். நான் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வார்த்தையைத்தான் மாதாவின் வாயில் வைத்தேன். மகனைக் கண்டதும் அவள் ஓடிவந்து, "என்னப் பெத்த அய்யா" என்று கூப்பிடுவதாக எழுதினேன். எழுதி முடித்து மேஜையில் தலை வைத்து அழுதேன். நன்றாக வந்திருக்கிறது என்றும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

புரூஃப் பார்ப்பது ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். கோயிலில் வாசகம் வாசிப்பவரும் அவரே. தாள்கள் திரும்பி வந்தபோது நாலாம் நிலையில் சிவப்பு மை. என் வரியை அடித்துவிட்டு, 'நான் பெற்ற மகனே' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! தாளைத் தூக்கிக்கொண்டு ஃபாதரின் அறைக்கே போனேன். வாத்தியார் சாரும் அங்கேதான் இருந்தார்.

"பெத்தது மாதா, பொறந்தது ஆண்டவர். இந்தம்மா அதத் தலைகீழா எழுதியிருக்கு. போதாக்குறைக்குக் கொச்சை வேற" என்றார் சார். "இத அச்சடிச்சா எழுத்துப்பிழை இல்ல ஃபாதர், தப்பறை." வேதத்துக்கு விரோதமான போதனையைத் தப்பறை என்போம். என் ஆயுசில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.

"சரி சார். மாதாவப் படைச்சது யாரு?" என்று கேட்டேன்.

"கடவுள்."

"சிலுவை தூக்கிட்டு வர்றவரு யாரு?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவரும் கடவுள்தான். அதுக்காக..."

"அப்ப அவுங்களுக்கு உசுரு குடுத்ததே அவருதான சார்? உலகத்துல எந்தத் தாய் சொன்னாலும் அது ஆசைக்குச் சொல்றது. மாதா ஒருத்தி சொன்னா மட்டும் அது அப்படியே நெசம்."

ஃபாதர் சிரித்தார். "குருமடத்துல அம்புட்டு வருசம் படிச்சேன், இத ஒருத்தரும் சொல்லித் தரலையே" என்று சொல்லி, தாளின் ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெற்றி தலைக்கேறிப்போய்ப் படியிறங்கினேன். கேட்டில் அந்த அக்கா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சுருக்கென்றது. ஃபாதர் முன்னால் வாத்தியாரோடு மல்லுக்கு நின்றேனே, வார்த்தைக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்டேனா?

பக்கத்தில் குந்தி, நாலாம் நிலையை வாசித்துக் காட்டினேன். பூவெடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இது என் சொல்லுதான?"

"ஆமாக்கா. உங்களக் கேக்காம எடுத்தது தப்பு. வேணாம்னா இப்பவே எடுத்துருவேன்."

மனசார அதைச் சொன்னேன். ஆனாலும் எடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"மாதாவும் இப்பிடித்தான் கூப்பிட்டாகளா?"

"தெரியாதுக்கா. பெத்தவ வேற எப்படிக் கூப்பிட்டிருப்பான்னு எனக்குத் தோணல."

அவர் இரண்டு முழம் கட்டி முடித்தபிறகு, "இருந்துட்டுப் போகட்டும். ஆனா மாத்திக் கீத்திப் படிச்சாங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்" என்றார்.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. புதுப் புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது. சார்தான் வாசித்தார், கணீரென்று. நாலாம் நிலைக்கு வந்தோம். அந்த வரிக்கு முன்னால் அவர் குரல் தயங்கியது. ஃபாதர் கையெழுத்துப் போட்டதை அவர் அடிக்க மாட்டார். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த நாக்கும் கொச்சைக்கு மடங்கவில்லை. திருத்தமாக, "என்னைப் பெற்ற ஐயா" என்று வாசித்தார்.

"பெத்த அய்யா!"

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினோம். வாசல்படிக்கு உள்ளே, மடியில் பூவும் நூலுமாக அந்த அக்கா நின்றிருந்தார். கண் படத்து மாதாவின் மேலேயே இருந்தது. "என்னப் பெத்த அய்யான்னுதான் கூப்புடுவோம்" என்றார்.

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆமாம்மா" என்றார். அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார், இந்தத் தடவை அந்த அக்கா சொன்னபடியே. முழங்கால் போட்டோம், செபித்தோம், எழுந்தோம். எல்லோரும் ஐந்தாம் நிலைக்கு நகர்ந்தபோது அவரும் கூடவே நகர்ந்தார்.