ஒரு கால் மட்டும் அகலமான கால்சட்டை

"மூச்சை விடுங்க சார், துணி யார்கிட்டயும் சொல்லாது." வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களிடம் இப்படிச் சொல்லித்தான் தையல்காரர் அளவெடுப்பார். தன் விதைப்பையின் இடப்பக்கம் வீங்கியதை மட்டும் அவரும் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை. அதுதான் பயம். அவருடைய அண்ணன் வலியில்லாத ஒரு கட்டியில்தான் போய்ச் சேர்ந்தார். வீக்கம் பெரிதாகப் பெரிதாக, கால்சட்டையின் இடப்பக்கத் தையலைப் பிரித்துக் கடைத்துணியைச் சேர்த்துக்கொண்டே வந்தார். அவர் செய்துகொண்ட வைத்தியம் அவ்வளவுதான்.

இஸ்திரி போடும்போது மனைவி பிடித்துவிட்டாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் அச்சு வார்த்த மாதிரி தைக்கிறீங்க. உங்களுது மட்டும் ஏன் கோணலா இருக்கு?"

"கண்ணு மங்கிடுச்சு."

"ஒரு காலுக்கு மட்டுமா மங்குச்சு?"

அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார். மறுநாள் கடையைத் திறக்கவிடாமல் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

மருத்துவர் ஒரு பெண். தையல்காரர் வாசலிலேயே பின்வாங்கினார்.

"நீங்க எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பீங்க? அவங்களுக்கும் அதுதான் வேலை. உள்ள வாங்க," என்றாள் மனைவி.

மருத்துவர் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, சின்ன டார்ச்சை வீக்கத்தின் மேல் பதித்தார்.

"கண்ணைத் திறந்து பாருங்கய்யா."

வீக்கம் முழுவதும் சிவப்பாக ஒளிர்ந்தது. இழை பார்க்க மெல்லிய துணியைப் பல்புக்கு நேரே பிடித்தால் தெரியுமே, அப்படி.

"கெட்டியான கட்டின்னா வெளிச்சம் இப்படித் தாண்டாது. இது தண்ணிதான்னு தோணுது. எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம்."

ஸ்கேனும் தண்ணீர் என்றுதான் சொன்னது. சின்ன அறுவை சிகிச்சை. பிழைத்தார் என்று சொல்லும் அளவுக்குக்கூட அது ஆபத்தில்லை. அந்த டார்ச் எதையும் குணமாக்கவில்லை. ஆனாலும் தையல்காரருக்கு முதலில் அதன் மேல்தான் நன்றி பொங்கியது. அதன் முன்னால் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்பது பிறகுதான் உறைத்தது.

உடம்பு தேறியதும், சேர்த்த துணியைப் பிரித்தெடுத்துக் கால்சட்டையைப் பழைய அளவுக்குத் தைத்தார். மனைவி அதற்கு இஸ்திரி போட்டபோது மேஜையோரமாக வந்து நின்றார்.

"என்ன நிக்கிறீங்க? கடைக்கு நேரமாகல?"

"அன்னைக்கு நீ கேக்காம விட்டிருந்தா, இன்னும் துணி சேத்துக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

அவள் இரண்டு கால்களையும் மடிப்போடு மடிப்புச் சேர்த்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நல்லவேளை," என்றாள். "கடைத்துணி தப்பிச்சுது."