மார்லிஸ் பட்டினி போடாத செல்கள்

மார்லிஸ் எங்கேப்ரெட்சன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு பால் பண்ணையில் பிறந்தவள். மாட்டு வாடையே ஆகாது என்று சின்ன வயதிலேயே மேடிசன் நகரத்துக்கு ஓடிவந்து, எங்கள் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலையில் சேர்ந்தாள். மாட்டை விட்டாளே தவிர, தீனி போடும் புத்தியை விடவில்லை. அவள் கண்ணில் பட்டவன் எவனும் வெறும் வயிற்றோடு போக முடியாது. என் தொப்பைக்கு அவள் கொண்டுவரும் சீஸ்தான் காரணம் என்று என் மனைவியிடமே சொல்லிவிட்டேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் தலைவர் டேல் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். மனிதக் கல்லீரல் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கும். தைராய்டு ஹார்மோனைப் பிடித்துச் சுமப்பது அதன் வேலை. அதன் மரபணுவை வெட்டி முடக்கி, அந்தப் புரதமே சுரக்காத செல்களை வளர்த்துக் காட்ட வேண்டும். மார்லிஸ் வெட்டி, அந்தச் செல்களைப் பல தட்டுகளில் வளர்த்தாள். ஆனால் செல்கள் கிடந்த திரவத்தைச் சோதித்தால், புரதம் இருக்கிறது என்று படத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் கோடு.

"என் மொதப் புருஷன் மாதிரியே இருக்கு ராண்டி. வெட்டிவிட்டாலும் சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டேங்குது," என்றாள் என்னிடம்.

கடைசியில் ஒரே ஒரு தட்டு மிஞ்சியது. டேல் வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை பாப்போம் மார்லிஸ். அதுலயும் கோடு வந்தா இத மூடிடலாம். நீங்க எலிக்கூண்டு கழுவுற பக்கம் போயிடுங்க."

அவள் முகம் செத்துவிட்டது. எனக்கு டேலைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சோதனைப் பலகையின் குழிகளில் மாதிரிகளை எல்லாம் ஊற்றியபின் ஒரு குழி மீந்தது.

"விட்டுத் தொலையேன்," என்றேன்.

"காலியா விட மனசு வரல," என்றவள், செல்லுக்கு ஊற்றும் தீனித் திரவத்தைப் புதுப் புட்டியிலிருந்து எடுத்து அதில் விட்டாள்.

படம் வந்தது. தட்டின் திரவத்தில் கோடு. செல்லே படாத புதுத் திரவத்திலும் அதே கோடு.

டேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "சோதனைக்கு மொதல் நாள், கன்னுக்குட்டி சீரம் கலக்காத திரவத்துலதான செல்லு இருந்துச்சு?"

"நாள் முழுக்கப் பட்டினி போடவா? பாவம், அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?"

டேல் உட்கார்ந்துவிட்டார். தீனித் திரவத்தில் கலக்கும் சீரம் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது; அதிலும் அதே புரதம் உண்டு. மனிதனுடையதா மாட்டுடையதா என்று எங்கள் சோதனைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"அப்ப நான் கொட்டினதுல நல்லதும் இருந்திருக்குமா?" என்றாள் மார்லிஸ். "இந்த மாட்டுக்குப் பயந்துதானே வீட்ட விட்டே ஓடிவந்தேன்."

கடைசித் தட்டைக் கழுவி, சீரம் இல்லாத திரவத்தில் வைத்தாள். மறுநாள் விடுமுறை என்றும் பாராமல் மூவரும் வந்தோம். படத்தில் கோடு இல்லை. டேல் கை கொடுக்க ஓடினார். மார்லிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்றின் சீரத்தைத் தாராளமாகக் கலந்து தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, மொதல்ல இது சாப்பிடட்டும்," என்றாள்.